யானை ஆயரானதும் பாம்பு பெயரிழந்ததும்

மொழிபெயர்ப்பு என்றவுடன் நம் மனத்தில் முதலில் தோன்றுவன நூல்களே. மறைநூலும் காப்பியமும் நாவலும் ஒரு மொழியை விட்டு மற்றொரு மொழிக்குச் செல்லும்போது எவற்றைப் பெறுகின்றன, எவற்றை இழக்கின்றன என்று நாம் ஓயாது பேசி வருகிறோம். ஆனால் நூல்களைக் காட்டிலும் எளிதாகக் கடல் கடந்து, நூல்களைக் காட்டிலும் அதிகமான வீடுகளுக்குள் நுழைந்து, அங்கேயே பிறந்தவை போல் குடியேறிவிட்ட படைப்புகள் வேறு சில உண்டு. அவை பலகை விளையாட்டுகள். நான்கு கோடுகளும் சில காய்களும் கொண்ட இவற்றைத் திறனாய்வுக்குரிய பொருளாக நாம் கருதுவதில்லை. சிறுவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறோம். எழுத்தறியாதவரும் கற்றுக்கொள்ளக்கூடிய இந்தப் பலகைகளில், ஒரு சமூகம் எதை வெற்றி என்று கருதுகிறது, எதை வீழ்ச்சி என்று அஞ்சுகிறது என்பது தெளிவாகவே வரையப்பட்டிருக்கிறது. அவ்வாறாயின், பலகை நாடு மாறும்போது அந்த மதிப்பீடு என்ன ஆகிறது? இக்கேள்வியை மூன்று விளையாட்டுகளை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

யானையின் வேடங்கள்

முதலாவது சதுரங்கம். யானை, குதிரை, தேர், காலாள் என்னும் நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்திய இவ்விளையாட்டு, ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து பாரசீகம் சென்றது. அங்கே 'சத்ரங்' என்றும், பின்னர் அரேபியரிடம் 'ஷத்ரஞ்ச்' என்றும் பெயர் பெற்றது. யானையைப் பாரசீகர் 'பீல்' என்றனர். 'ப' ஒலி இல்லாத அரபு மொழியில் அது 'ஃபீல்' ஆயிற்று. 'அல்' என்னும் முன்னொட்டுச் சேர, 'அல்-ஃபீல்' என்னும் பெயருடன் யானை ஐரோப்பாவின் வாயிலில் போய் நின்றது.

அங்கே யானையை நேரில் கண்டவர் மிகச் சிலர். மேலும், உயிர்களின் உருவங்களை அப்படியே செதுக்காமல் எளிய வடிவங்களாகக் கடைவதே அரேபியக் கைவினைஞரிடையே பெருவழக்காக இருந்தது. யானை என்பதற்கு அடையாளமாக, ஒரு சிறு கட்டையின் மேல் தந்தங்களைப் போன்ற இரண்டு புடைப்புகள் மட்டுமே இருந்தன. அப்புடைப்புகளைக் கண்ட ஐரோப்பியர் ஒவ்வொருவரும் தத்தம் உலகில் இருந்த ஒன்றையே அவற்றில் கண்டனர் என்று ஆய்வாளர் கருதுவர். ஆங்கிலேயரும் போர்த்துக்கேசியரும் ஐஸ்லாந்தியரும் ஆயர் அணியும் கூம்பிய மகுடத்தைக் கண்டு, அக்காய்க்கு 'ஆயர்' என்றே பெயரிட்டனர். பிரெஞ்சுக்காரர் கோமாளியின் குல்லாயைக் கண்டனர். 'ஃபீல்' என்னும் ஒலி அவர்கள் மொழியில் பித்தனைக் குறிக்கும் சொல்லோடு கலந்துவிட்டது. இத்தாலியர் அவ்வொலியைக் கொடி தாங்குபவனைக் குறிக்கும் 'அல்ஃபியேரே' என்னும் தம் சொல்லாகச் செவியில் வாங்கினர். இஸ்பானியர் பொருளை இழந்து சொல்லை மட்டும் 'அல்ஃபில்' என்று காப்பாற்றிக்கொண்டனர். ஜெர்மானியர் 'ஓடுபவன்' என்றனர். உருசியர் இன்றளவும் 'யானை' என்றே அழைக்கின்றனர்.

ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831-ஆம் ஆண்டு வெளிப்பட்ட புகழ்பெற்ற காய்கள், 12-ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் வால்ரஸ் தந்தத்தில் செதுக்கப்பட்டவை. அவற்றுள் 16 காய்கள் ஆயர்கள். மகுடம் தரித்து, வளைகோல் ஏந்தி, சிலர் அமர்ந்தும் சிலர் நின்றும் காட்சி தருகின்றனர். யானையின் சாயல் துளியும் அவற்றில் இல்லை. இந்தியாவின் போர்க்களத்தில் பிறந்த ஒன்று வடகடலின் குளிரில் திருச்சபையின் ஆடையை உடுத்திக்கொண்டுவிட்டது.

இதில் ஒரு வரலாற்று நகைமுரண் உண்டு. ஏறத்தாழ 1061-ஆம் ஆண்டில், கர்தினாலாக இருந்த புனித பீட்டர் தமியான், சதுரங்கம் ஆடியதற்காகப் புளோரன்ஸ் நகர ஆயரைக் கடிந்து, அதைத் தம் கடிதம் ஒன்றில் எழுதியும் வைத்தார். பகடை வேறு, சதுரங்கம் வேறு என்று அந்த ஆயர் வாதாடிப் பார்த்தார். வாதம் எடுபடவில்லை. திருப்பாடல்கள் முழுவதையும் மூன்று முறை செபிக்கவும், ஏழைகள் பன்னிருவரின் பாதங்களைக் கழுவி அவர்களுக்குத் தருமம் செய்யவும் பரிகாரம் விதிக்கப்பட்டது. பலகையின் அருகே அமர்ந்ததற்காக ஆயர் ஒருவர் தண்டம் பெற்றார். அடுத்த நூற்றாண்டிலோ, ஆயர்கள் பலகையின் மேலேயே, அரசனுக்கும் அரசிக்கும் அருகில் இடம் பெற்றுவிட்டனர். தடையால் சாதிக்க முடியாததைப் பெயர் மாற்றம் சாதித்தது. ஒரு சமூகம் அயலான ஒன்றை ஏற்றுக்கொள்ளும் வழி பெரும்பாலும் இதுவே. முதலில் அஞ்சும், பிறகு தன் பெயர்களை அதற்குச் சூட்டும், பின்னர் அதைக் கொண்டே தன்னைப் பற்றிப் பேசத் தொடங்கும்.

அவ்வாறு பேசியவர்களுள் ஒருவர் சாமிநாதர் சபைத் துறவியான செஸ்ஸோலிஸ் ஊர் யாக்கோபு. 1300-ஆம் ஆண்டை ஒட்டி அவர் இயற்றிய நூல், சதுரங்கப் பலகையையே ஒரு நாடாகக் கொண்டு ஒழுக்கம் போதித்தது. அவருடைய பலகையில் யானையின் இடத்தில் நிற்பவர்கள் நீதிபதிகள். முன்வரிசைக் காலாட்கள் எண்மரும் உழவர், கொல்லர், வணிகர், மருத்துவர், விடுதிக்காரர் என வெவ்வேறு தொழிலினர். ஆயுதம் ஏந்திய படை உழைக்கும் குடிமக்களாக மாறிவிட்டது. இந்நூல் பல மொழிகளுக்குச் சென்றது. வில்லியம் காக்ஸ்டன் 1474-ஆம் ஆண்டளவில் ஆங்கிலத்தில் அச்சிட்ட முதல் நூல்களுள் இதுவும் ஒன்று.

இதுவரை மாறியவை பெயர்களும் உருவங்களுமே. ஆட்டம் மாறவில்லை. அரசனின் பக்கத்தில் நின்ற அமைச்சர் ஐரோப்பாவில் அரசியாக மாறியதும் இத்தகையதே. சுவிட்சர்லாந்தின் ஐன்சீடெல்ன் என்னும் ஆசீர்வாதப்பர் சபை மடத்தில், ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டில் எழுதப்பட்ட இலத்தீன் செய்யுளிலேயே அரசி இடம்பெற்றுவிட்டார். எனினும் பெயர்தான் அரசியே தவிர, நகர்வு பழைய அமைச்சருடையதே. மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம் மட்டும் நகரும் மெலிந்த காய் அது. ஏறத்தாழ 500 ஆண்டுகள் அரசி என்னும் பெயரைச் சுமந்துகொண்டு, அமைச்சரின் தளர்நடையையே அவர் நடந்தார். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் நிலைமை மாறியது. 1475-ஆம் ஆண்டளவில் வலென்சியாவில் இயற்றப்பட்ட ஒரு செய்யுளிலும், 1497-இல் சலமாங்காவில் லூசேனா அச்சிட்ட நூலிலும் புதிய விதி காணப்படுகிறது. அரசி எத்திசையிலும் எவ்வளவு தொலைவும் செல்லலாம். பெயர் முன்னே வந்தது. ஆற்றல் பின்னே வந்தது.

இம்மாற்றத்தின் பயனை உணர விரும்புவோர் அவிலா நகர்ப் புனித தெரேசாவின் 'நிறைவின் வழி' என்னும் நூலை நோக்கலாம். 1515-இல் பிறந்த அப்புனிதை, செபவாழ்வைச் சதுரங்கத்தோடு ஒப்பிட்டு, அரசனை மிகுதியாக நெருக்கிப் பணியச் செய்யும் காய் அரசியே என்றும், இறைவனாகிய அரசரை அவ்வாறு பணியவைக்கும் அரசி தாழ்ச்சியே என்றும் தம் சகோதரிகளுக்கு விளக்குகிறார். இந்த உவமை பழைய விதியில் எழுந்திருக்க முடியாது. ஒரு கட்டம் நகரும் அமைச்சரைக் கொண்டு எவரும் இறைவனை வெல்ல முடியாது. தெரேசா பிறப்பதற்கு 40 ஆண்டுகளுக்கு முன் அவர் நாட்டிலேயே உருவான ஒரு விதி மாற்றம்தான், தாழ்ச்சியே பேராற்றல் என்னும் அந்த வியத்தகு சிந்தனைக்கு உருவம் தந்தது. நல்ல தழுவல் மூலத்தைக் காப்பதோடு நில்லாது. மூலம் அறிந்திராத ஒரு பொருளையும் பேச வைக்கும்.

அதே விளையாட்டு பிற்காலத்தில் தன் புதிய நடையோடு நம்மிடம் திரும்பி வந்தது. நாமும் அதற்கு நம் பெயர்களைச் சூட்டினோம். ஆயரின் இடத்தில் மந்திரியை நிறுத்தினோம். மூலையில் நின்ற கோட்டையை யானை என்றோம். புறப்பட்ட இடத்திலிருந்து மூலைக்கு நகர்ந்தாலும் யானை தன் தாயகத்தை அடைந்துவிட்டது. அந்த மூலைக்கு உரிய தேர் மட்டும் திரும்பவில்லை.

பெயரிழந்த பாம்பு

இரண்டாவது விளையாட்டின் கதை இதற்கு நேர்மாறானது. நம் நாட்டில் வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்திருப்போர் ஆடும் பரமபத சோபான படத்தை அறியாதவர் குறைவு. வட இந்தியாவில் இதன் உறவுகளை 'ஞான சௌபர்' என்பர். வைணவப் பலகை, சமணப் பலகை, இசுலாமிய ஞானியரான சூஃபியரின் பலகை என்று இவ்விளையாட்டு இந்திய மண்ணிலேயே பல சமயங்களுக்குள் சென்று வந்திருக்கிறது. வைணவப் பலகைகள் பலவற்றில் 72 கட்டங்கள், சமணப் பலகைகளில் பெரும்பாலும் 84. உச்சியில் ஒருவருக்கு வைகுண்டம், மற்றொருவருக்கு விடுதலை பெற்ற உயிர்கள் உறையும் உலகம், வேறொருவருக்கு இறைவனின் அரியணை. கோட்பாடுகள் வேறு. ஆயினும் மூன்றிலும் ஒரு பொது இலக்கணம் உண்டு. ஒவ்வொரு கட்டத்திற்கும் ஒரு பெயர் உண்டு. செருக்கு, பொய், களவு, பேராசை என்பன போன்ற பெயர் தாங்கிய கட்டங்களில் பாம்பின் வாய் காத்திருக்கும். இரக்கம், கொடை, பக்தி, மெய்யறிவு என்பன போன்ற கட்டங்களில் ஏணியின் அடி ஊன்றியிருக்கும். ஏறுபவன் எதனால் ஏறினான் என்பதும் விழுபவன் எதனால் விழுந்தான் என்பதும் ஆடும்போதே வாசிக்கப்பட்டன.

1890-களில் இவ்விளையாட்டு இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. தொடக்ககால ஆங்கிலப் பலகைகள் நீதி போதனையைக் கைவிடவில்லை. உழைப்பும் சிக்கனமும் மனவருத்தமும் ஏணிகளாயின. சோம்பலும் கீழ்ப்படியாமையும் பாம்புகளாயின. ஆனால் ஏணியின் உச்சியில் இப்போது இருந்தது வீடுபேறன்று. இவ்வுலக வாழ்வின் நற்பேறும் வெற்றியுமே பெரிதும் அங்கே இருந்தன. பாம்பின் வாலில் நோயும் வறுமையும் இருந்தன. விக்டோரியா காலத்து நடுத்தர வகுப்பின் நம்பிக்கை அப்பலகையில் அச்சாகிவிட்டது.

இங்கே ஒரு திறனாய்வுக் கேள்வி எழுகிறது. இவ்விளையாட்டில் ஆடுபவனுக்குத் தெரிவு என்று எதுவும் இல்லை. பகடையோ சோழியோ தாயக்கட்டையோ விழுந்தபடி காய் நகர வேண்டும். இந்தியப் பலகையில் இவ்விதி பொருளோடு இசைந்து நின்றது. முன்வினையின் பயனாகவோ இறைவனின் திருவுளமாகவோ அந்த எண்ணை ஆடுபவர் கொள்ள முடிந்தது. உழைத்தால் உயரலாம் என்று கற்பிக்கும் ஆங்கிலப் பலகையிலோ, உழைப்பு என்னும் கட்டத்தை அடைய ஒருவன் உழைக்க வேண்டியதில்லை. பகடையில் மூன்று விழுந்தால் போதும். சொல்லும் விதியும் ஒன்றையொன்று மறுக்கின்றன. தான் செய்த ஒன்றிற்குக் கூலியாக அன்றித் தகுதிக்கு மேலாகக் கிடைக்கும் ஏற்றத்தை நாம் அருள் என்போம். பழைய ஏணிகள் அருளுக்கு நெருக்கமானவை. புதிய ஏணிகள் கூலி என்று பெயரிடப்பட்டும் கூலியாக இயங்க முடியாதவை.

1943-இல் அமெரிக்காவின் மில்டன் பிராட்லி நிறுவனம் பாம்புகளையே அகற்றிவிட்டுப் பூங்காவில் சிறுவர் சறுக்கி விளையாடும் சறுக்குமரங்களை வைத்தது. பெயரும் 'சூட்ஸ் அண்ட் லேடர்ஸ்' ஆயிற்று. குறும்பு செய்யும் சிறுவன் சறுக்குகிறான். நற்செயல் புரியும் சிறுமி ஏறிப் பரிசு பெறுகிறாள். பாம்பைக் கண்டு குழந்தைகள் அஞ்சுவர் என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். இதில் பிழை காண்பதற்கில்லை. ஆனால் சறுக்குமரம் என்பது குழந்தைகள் விரும்பி ஏறிச் சறுக்கும் பொருள். வீழ்ச்சியையே விளையாட்டாக ஆக்கிய பின், வீழ்ச்சிக்கு அஞ்ச வேண்டிய தேவை எங்கே இருக்கிறது?

இதைவிடக் கருதத்தக்க இழப்பு நம் வீடுகளிலேயே நிகழ்ந்தது. இங்கிலாந்து சென்ற பலகை, ஒன்று முதல் நூறு வரை எண்கள் மட்டும் எழுதிய வண்ண அட்டையாக நம் கடைகளுக்குத் திரும்பி வந்தது. பாம்பு இருக்கிறது, ஏணியும் இருக்கிறது. பெயர்கள் இல்லை. பரமபதத்தின் பாம்புகள் அசுரர்களின் பெயரையும் தீய பண்புகளின் பெயரையும் தாங்கியவை. கடையில் வாங்கிய அட்டையின் பாம்புக்கு எண் மட்டுமே முகவரி. விழுந்த குழந்தை 'ஏன் விழுந்தேன்?' என்று கேட்டால், 'பகடை அப்படி விழுந்தது' என்பதைத் தவிர வேறு விடை இல்லை. சதுரங்கத்தில் உருவம் மாறியது, உள்ளீடு வளர்ந்தது. இங்கே உருவம் அப்படியே இருக்கிறது, உள்ளீடு கரைந்துவிட்டது. இவற்றுள் எது மூலத்திற்கு உண்மையான தழுவல் என்று கேட்டால், பாம்பும் ஏணியும் மாறாத பலகையைச் சுட்டிக்காட்ட நமக்குத் துணிவு வராது.

இங்ஙனம் சொல்வதால், பழைய பெயர்களை அப்படியே அச்சிட்டுப் பிள்ளைகளின் கையில் கொடுத்துவிட்டால் போதும் என்பது பொருளன்று. ஒவ்வொரு சமயமும் தன் பெயர்களை அப்பலகையில் எழுதியது போல, ஒவ்வொரு தலைமுறையும் தன் பாம்புகளுக்குப் பெயரிட்டாக வேண்டும். பெயரிடாத பாம்பு தீண்டாது என்று நினைப்பதுதான் பேதைமை.

எழுத்துகளின் விலை

மூன்றாவது, மொழியையே காயாகக் கொண்ட விளையாட்டு. அமெரிக்கக் கட்டடக் கலைஞரான ஆல்பிரட் பட்ஸ் 1930-களின் பொருளாதார நெருக்கடியில் வேலையிழந்திருந்தபோது வடிவமைத்து, 1948-இல் ஜேம்ஸ் புருனோ 'ஸ்கிராபிள்' என்னும் பெயருடன் வெளிக்கொணர்ந்த சொல்லாட்டம் அது. பட்ஸ் செய்தித்தாள்களில் ஒவ்வோர் எழுத்தும் எத்தனை முறை வருகிறது என்று கையால் எண்ணி, அதற்கேற்பக் காய்களின் எண்ணிக்கையையும் மதிப்பையும் அமைத்தார். ஆங்கிலப் பெட்டியில் உள்ள 100 காய்களில் 'இ' எழுத்துக்கு 12 காய்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு புள்ளி. 'இசட்' எழுத்துக்கு ஒரே காய், அதற்குப் பத்துப் புள்ளி.

இவ்விளையாட்டை வேறொரு மொழிக்குக் கொண்டுசெல்பவர் பெட்டியின் மேலுள்ள சொற்களை மட்டும் மொழிபெயர்த்துவிட்டு ஓய்ந்திருக்க முடியாது. மொழியையே மீண்டும் எண்ணியாக வேண்டும். போலந்து மொழிப் பெட்டியில் 'இசட்' எழுத்துக்கு ஐந்து காய்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரே புள்ளி. ஆங்கிலத்தின் அரும்பொருள் அங்கே அன்றாடச் செலவுக்குரிய சில்லறை. ஆங்கிலத்தில் நான்கு புள்ளி பெறும் 'டபிள்யூ', பிரெஞ்சில் பத்துப் புள்ளி பெறுகிறது. வேல்சு மொழியில் 'எல்' எழுத்து இரண்டு சேர்ந்தால் அது இரண்டெழுத்தன்று. தனி ஒலியுடைய ஓரெழுத்து. ஆகவே இந்நூற்றாண்டின் முதற்பத்தாண்டில் வெளிவந்த வேல்சுப் பெட்டியில் அந்த இரட்டை, ஒரே காயாகப் பொறிக்கப்பட்டது. பள்ளிகளிலிருந்தும் அலுவலகங்களிலிருந்தும் நெடுங்காலம் ஒதுக்கிவைக்கப்பட்ட ஒரு மொழி, தன் எழுத்தைத் தன் கணக்கின்படியே எண்ணும் உரிமையை அந்தச் சிறு காயில் நிலைநாட்டியது.

தமிழுக்கு இவ்வாறு செய்ய முனைவோர் முன்னுள்ள வினாக்களை எண்ணிப் பார்த்தால் இதன் ஆழம் விளங்கும். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் ஒன்று என 247 எழுத்துகள். இத்தனைக்கும் காய் செய்தால் பெட்டி கொள்ளாது. 'கொ' என்பதை ஒரு காயாக்குவதா? மெய்யையும் உயிரையும் தனித்தனிக் காய்களாக்கி அருகருகே வைப்பதா? கண்ணுக்குத் தெரியும் கொம்பையும் காலையும் தனிக் காய்களாக்குவதா? மூன்றாவது வழி அச்சுக்கோப்பவருக்கு எளிது. ஆனால் இலக்கணம் அறிந்த மனம் அதை ஏற்காது. கொம்பும் காலும் எழுத்துகள் அல்ல, எழுத்தின் வடிவங்கள். இரண்டாவது வழி தொல்காப்பிய மரபுக்கு நெருங்கியது. எனினும் சொல்லைப் படிக்கும் கண்ணுக்கு அது அயலாகத் தோன்றும். அன்றியும், ழகரம் நம் சொற்களின் நடுவிலும் ஈற்றிலும் தாராளமாக வரும், முதலில் வாராது. றகரமும் னகரமும் சொல்லின் முதலில் வாரா. எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் இத்தகைய எழுத்துக்கு விலை வைக்க முடியாது. அது சொல்லில் எங்கே நிற்கும் என்பதையும் பார்க்க வேண்டும். வேற்றுமை உருபும் விகுதியும் சேர்ந்து நீளும் சொற்களை எதுவரை ஒப்புக்கொள்வது என்பது மற்றொரு வினா. 'வீடு' ஒரு சொல் என்பதில் ஐயமில்லை. 'வீட்டிலிருந்து' என்பதை ஒரு சொல்லாக எண்ணுவதா? விளையாட்டின் விதியை எழுதப் புகுந்தவர் இலக்கண நூலொன்றை எழுதத் தொடங்கிவிடுகிறார்.

அளவுகோல் எது?

மூன்று கதைகளையும் சேர்த்து நோக்கினால், தழுவலை மதிப்பிட ஓர் அளவுகோல் கிடைக்கிறது. பெயரும் உடையும் மாறுவதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. விருந்தினருக்கு நம் வீட்டு உடையைக் கொடுப்பது விருந்தோம்பலே. விதி மாறுவதையும் அஞ்ச வேண்டியதில்லை. அரசியின் நடை மாறியிராவிட்டால் தெரேசாவின் உவமை பிறந்திராது. எண்ணவேண்டியது ஒன்றுதான். மாற்றியவர் தம் மக்களின் வாழ்வையும் மொழியையும் உற்று நோக்கிய பின் மாற்றினாரா? அல்லது, எல்லா நாட்டிலும் விலைபோக வேண்டும் என்பதற்காக, எந்த நாட்டுக்கும் உரியதல்லாத ஒன்றாகத் தேய்த்துவிட்டாரா? வேல்சுக் காயைச் செதுக்கியவர் உற்று நோக்கினார். எண்கள் மட்டும் கொண்ட அட்டையை அச்சிட்டவர் தேய்த்தார்.

இது விளையாட்டுக்கு மட்டும் உரிய செய்தியன்று. பாடநூலையும் பாடலையும் போதனையையும் பிற மொழியிலிருந்து பெற்று நம் பிள்ளைகளுக்கு வழங்கும் எவரும் இவ்விரு வழிகளுள் ஒன்றையே தெரிந்தெடுக்கிறார். எண்ணும் உழைப்புக்கு அஞ்சுபவர் எண்கள் மட்டும் கொண்ட பலகையைக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் பொழுது போக்குகிறார்கள் என்று அமைதி கொள்வார். பொழுது போகத்தான் செய்யும். ஆனால் 98-ஆம் கட்டத்திலிருந்து வழுக்கி விழும் பிள்ளை தன்னை விழுங்கியது எது என்று கேட்கும் நாளில், அதற்குச் சொல்ல ஒரு பெயரை நாம் வைத்திருக்க வேண்டும்.